பிரிக்கப்படாமல் திரும்பிய கட்டுகள்

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் திரும்பி வந்த இதழ்க் கட்டு ஒன்றை எங்கள் தருமபுரி அலுவலகத்து மேசைமீது வைத்துவிட்டு, அப்பாவின் காலத்திலிருந்தே எங்களிடம் பைண்டிங் வேலை பார்க்கும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வந்து பாரு. நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்குது" என்றார். சணல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, கடைசியில் ஒரு சுண்டு சுண்டி இறுக்குவது அவருடைய கைப்பழக்கம். வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. 25 பிரதிகள் கொண்ட அந்தக் கட்டு ஜூலை முதல் வாரத்தில் எங்கள் அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டு, பேருந்தில் பயணம் செய்து, ஒரு கடையின் மூலையில் மாதம் முழுவதும் கிடந்து, யாரும் கயிற்றைக்கூட அவிழ்த்துப் பார்க்காத நிலையில் திரும்பி வந்திருந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லை என்பதால் எங்கள் கட்டுகள் எப்போதும் பேருந்தில்தான் போகும், பேருந்தில்தான் வரும். போக ஒரு பார்சல் கட்டணம், வர ஒரு பார்சல் கட்டணம். யாரும் படிக்காத 25 பிரதிகளுக்கு நாங்கள் காகிதச் செலவும் அச்சுச் செலவும் செய்து, அதற்கு மேல் இரண்டு முறை பயணச் செலவும் செய்திருந்தோம்.

அப்பா இந்த மாத இதழை 1987இல் தொடங்கினார். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். மாந்தோப்பு வைத்திருப்பவர், பட்டுப்புழு வளர்ப்பவர், தக்காளி நடுபவர், மானாவாரியில் கேழ்வரகும் கொள்ளும் விதைப்பவர் ஆகியோருக்கான இதழ் அது. பையூர் ஆராய்ச்சி நிலையத்திலும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் விஞ்ஞானிகள் சொல்வதை, காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ இருக்கும் ஒருவர் தன் வயலில் செய்து பார்க்கக்கூடிய மொழியில் எழுதித் தருவதுதான் அதன் வேலை. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவள். அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு, இதழை நடத்துவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கத்தான் 2016இல் ஊருக்கு வந்தேன். எழுதத் தெரியாதவளுக்குக் கணக்கு மட்டும் தெரியும் என்பதால், அந்தப் பிரிக்கப்படாத கட்டிலிருந்தே தொடங்கினேன்.

கணக்கு இப்படி இருந்தது. மாதம் 4,200 பிரதிகள் அச்சடித்தோம். ஒரு பிரதி அச்சடித்தாலும் 10,000 பிரதிகள் அச்சடித்தாலும் மாறாத செலவு என்று ஒன்று இருக்கிறது: எழுதுபவருக்கும் பக்கம் வடிவமைப்பவருக்கும் தரும் சம்பளம், வாடகை, அச்சுத் தகடான பிளேட், எந்திரத்தை ஓட்டத்துக்குத் தயார் செய்யும் கூலி. அது எங்களுக்கு இதழுக்கு 38,000 ரூபாய். அதற்கு மேல் காகிதம், மை, மடிப்பு, பின் அடிப்பு எல்லாம் சேர்ந்து பிரதிக்கு 7 ரூபாய். அட்டை விலை 15 ரூபாய். 2,900 பிரதிகள் ஏஜென்ட்டுகள் வழியாகக் கடைகளுக்குப் போயின. அவற்றில் சராசரியாக 1,200 திரும்பி வந்தன. விற்ற 1,700 பிரதிகளுக்கு, 30 சதவீதக் கமிஷன் போக, எங்கள் கைக்கு வர வேண்டிய தொகை 17,850 ரூபாய். அந்த 2,900 பிரதிகளுக்கு ஆன காகித, அச்சுச் செலவு மட்டும் 20,300 ரூபாய். மாறாத செலவில் ஒரு காசுகூட இதன்மேல் ஏற்றவில்லை. பேருந்துக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. பாக்கி வைத்துக்கொண்டு போனை எடுக்காத ஏஜென்ட்டுகளையும் சேர்க்கவில்லை. அவ்வளவு சலுகை காட்டிய பிறகும் கடை விற்பனை மாதந்தோறும் நட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் விற்றால் சரியாகிவிடும் என்று இத்தனை ஆண்டுகளாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது இந்தப் பாதையைத்தான்.

அப்பாவிடம் இதைக் காட்டியபோது அவர் அதிர்ச்சி அடையவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "கடைக்குப் போகலைன்னா விளம்பரம் யார்மா தருவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் ஒரு காலத்தின் வணிக முறை முழுவதும் அடங்கியிருந்தது. எங்களுக்கு உண்மையில் காசு கொடுத்தவர் வாசகர் அல்ல. டிராக்டர் விற்பனையாளரும், சொட்டுநீர்க் கருவி விற்பவரும், விதைக் கடைக்காரரும், ஜூன் மாதத்தில் தனியார் பள்ளிகளும், தீபாவளிக்கு ஜவுளிக் கடைகளும்தான். எத்தனை பிரதி அச்சடிக்கிறீர்கள் என்பதே அவர்கள் கேட்ட முதல் கேள்வி. அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காக, நட்டம் என்று தெரிந்தே கடைகளுக்கு அனுப்பினோம். அந்தக் காலத்துக்கு அது நியாயமான வியாபாரம்தான். 1990களின் கடைசியில், 9,000 பிரதிகள் போன காலத்தில், பின்னட்டை விளம்பரம் ஒன்றே அந்த மாதத்துக் காகிதச் செலவைத் தந்துவிடும். ஆனால் விளம்பரம் முதலில் பிளெக்ஸ் பலகைக்கும், அடுத்து உள்ளூர்க் கேபிள் ஒளிபரப்புக்கும், கடைசியில் கைப்பேசிக்கும் நகர்ந்த பிறகும் நாங்கள் அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தோம். யாருக்காக அந்த எண்ணோ அவரே போய்விட்டதை எங்கள் அச்சு எண்ணிக்கை கவனிக்கவில்லை.

சரிந்துகொண்டிருக்கும் இதழுக்கு எல்லோரும் சொல்லும் யோசனைகள் எங்களுக்கும் கிடைத்தன. தொழில் ஆலோசகர் ஒருவரை அழைத்து, கட்டணம் கொடுத்து, அறிக்கை வாங்கினோம். பக்கங்களைக் குறையுங்கள், எழுதுபவர்களைக் குறையுங்கள், மாத இதழை இருமாத இதழாக்குங்கள் என்பதே அதன் சாரம். கிணற்றில் நீர் இறங்க இறங்கக் கயிற்றை நீட்டாமல், வாளியைச் சிறிதாக்கிக்கொண்டே போவதைப் போன்ற யோசனை அது. பக்கம் குறைந்தால் வாசகர் குறைவார். வாசகர் குறைந்தால் அந்த மாறாத 38,000 ரூபாயைச் சுமக்கும் தோள்கள் குறையும். ஒவ்வொரு பிரதியின் அடக்கவிலையும் ஏறும். அதை ஈடுகட்ட மறுபடியும் பக்கத்தைக் குறைக்க வேண்டும். இருமாத இதழ் என்ற யோசனையில் இன்னொரு பள்ளமும் இருந்தது. பதிவு பெற்ற இதழ்களுக்கு அஞ்சல் துறை அப்போது தந்த சலுகைக் கட்டணம் 50 கிராமுக்குள் 25 காசு, 100 கிராமுக்குள் 50 காசு. அந்தச் சலுகையைப் பெறுவதற்கு, அப்போது நடப்பில் இருந்த 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின்படி, இதழ் 31 நாட்களுக்கு மேற்படாத இடைவெளியில் வெளிவர வேண்டியிருந்தது. உண்மையான சந்தாதாரர்களின் பட்டியலும் இருக்க வேண்டியிருந்தது. இருமாத இதழாக மாறியிருந்தால், ஒரே நாளில் எங்கள் தபால் செலவு காசுக் கணக்கிலிருந்து ரூபாய்க் கணக்குக்குப் போயிருக்கும். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டம் இரண்டாவதாகக் கேட்ட பொருளான சந்தாதாரர் பட்டியல், அறிக்கையில் சொத்தாகக் கணக்கிடப்படவும் இல்லை.

அந்தப் பட்டியல் எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில், சிவப்புத் துணி முதுகு போட்ட ஐந்து பேரேடுகளாகக் கிடந்தது. ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், அஞ்சல், வட்டம், மணியார்டர் வந்த தேதி, முடியும் மாதம். புதுப்பிக்காதவர்களின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் "நின்றது" என்று எழுதியிருப்பார்கள். மூன்று வாரங்கள் உட்கார்ந்து எண்ணினேன். நடப்பில் இருந்தவர்கள் 1,150 பேர். "நின்றது" என்று கோடு விழுந்தவர்கள் 2,300 பேர். எப்போதோ ஒருமுறை அஞ்சலகத்துக்கு நடந்து போய், படிவம் நிரப்பி, கமிஷனும் கொடுத்து எங்களுக்குப் பணம் அனுப்பிய 2,300 பேரை நாங்கள் ஒரு கோட்டில் முடித்துவிட்டு, பேருந்து நிலையக் கடையில் புது வாசகரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

2017 முழுவதும் அந்தப் பெயர்களைத் தேடுவதில் போனது. பழைய பெயர்களுக்குத் தொலைபேசி எண் இல்லை. ஊர்த் தபால்காரரிடம் கேட்டோம், கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டோம், பட்டுக்கூடு அங்காடிக்கு ஏலத்துக்கு வந்தவர்களிடம் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்டோம். 900 பேருக்கு மேல் எண் கிடைத்தது. நானே ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் பேசினேன். விலை அதிகம் என்று நிறுத்தியவர்கள் சிலரே. இதழ் பிடிக்காமல் நிறுத்தியவர்கள் அதைவிடக் குறைவு. பெரும்பாலானவர்கள் நிறுத்தவே இல்லை. சந்தா முடிந்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. காரிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், "நீங்கதான் நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேம்மா. பத்திரிகை நின்னுபோச்சுன்னே பக்கத்து தோட்டத்துக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். முடியும் மாதத்துக்கு முந்தைய மாதம் ஒரு நினைவூட்டல் அட்டை அனுப்பும் பழக்கம் அப்பாவின் காலத்தில் இருந்திருக்கிறது; 2005 வாக்கில், செலவைக் குறைப்பதற்காக அதை நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் அட்டைக்கு ஆகும் சில்லறையை மிச்சம் பிடித்து, அதைவிடப் பல மடங்கு சந்தாவை இழந்தோம். எங்கள் சரிவுக்கு இணையத்தை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது தவறு என்று அன்று புரிந்தது.

இந்தத் தொலைபேசி அழைப்புகளில் நான் எதிர்பார்க்காத ஒன்று வெளிவந்தது. பென்னாகரம் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் சந்தா பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "எனக்கு அந்த ஜிபே எல்லாம் தெரியாதும்மா, ஓசூர்ல பையன் இருக்கான், அவன் நம்பர் தரேன்" என்றார். பையனுக்குப் பேசினேன். அவர் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். எங்கள் இதழை அவர் பத்து ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. ஆனால் நான் பேசி முடிப்பதற்குள், இரண்டு ஆண்டுக்கான பணத்தை அனுப்பிவிட்டார். "அப்பா தினமும் போன்ல மரத்துல பூச்சி, மரத்துல பூச்சின்னு சொல்றாரு மேடம். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. புக்கு வந்தா நல்லதுதான்" என்றார். இதற்குப் பிறகு ஒவ்வோர் அழைப்பிலும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினேன். ஓசூர், பெங்களூரு, திருப்பூர், கோவை. எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் எந்த ஊரில் கேட்டாலும் பதில் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். படிப்பவர் கிராமத்தில் இருக்கிறார். அவருக்காகக் காசு கொடுக்க விரும்புபவர் நகரத்தில், மாதச் சம்பளத்தில், கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதியோடு இருக்கிறார். முப்பது ஆண்டுகளாக இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்து, மானாவாரி விவசாயியின் சட்டைப்பைக்கு ஏற்ப ஆண்டுச் சந்தாவை 150 ரூபாயிலேயே வைத்திருந்தோம். பதிவேட்டில் "பெறுபவர்" என்ற பத்திக்குப் பக்கத்தில் "செலுத்துபவர்" என்று ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்தேன். நான் இந்த இதழுக்குச் செய்த மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால், அந்த ஒரு பத்தியைத்தான் சொல்வேன்.

ஆண்டுச் சந்தாவை 400 ரூபாயாக உயர்த்துவதற்கு முன், அந்த விலைக்குத் தகுந்ததாக இதழ் இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. எங்கள் பக்கங்களில் ஆறு பக்கம் சந்தை நிலவரம். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறும். அதை மாத இதழில் அச்சிட்டுத் தருவது, நேற்றைய சோற்றை இன்று சூடாகப் பரிமாறுவதாகச் சொல்வதற்குச் சமம். அந்த ஆறு பக்கங்களையும் எடுத்துவிட்டு, சந்தாதாரர்களுக்கு மட்டும் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் விலை அனுப்பத் தொடங்கினோம். அச்சில் எது நிற்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது போச்சம்பள்ளி பக்கத்து மாந்தோப்பு ஒன்றின் காவல் கொட்டகை. அங்கே எங்கள் இதழ்கள் இடது ஓரத்தில் கோணி ஊசியால் துளை போட்டு, நூலில் கோத்து, ஆணியில் தொங்கின. புரட்டிப் பார்த்தேன். தலையங்கமோ கவிதையோ அல்ல. பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு என்ன செய்வது, காய் முற்றும்போது பழ ஈப் பொறியை ஏக்கருக்கு எத்தனை, எந்த உயரத்தில் கட்டுவது, தண்டுத் துளைப்பானை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பக்கங்களில்தான் கைரேகைக் கறை படிந்திருந்தது. ஓரத்தில் பேனாவால் அவர் தன் தோப்பின் தேதிகளை எழுதியிருந்தார். ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று இப்போது நாங்கள் பேசும்போது கேட்கும் கேள்வி, இது நூலில் கோக்கப்படுமா என்பதுதான்.

அதே காரணத்தால் பூச்சிமருந்து விளம்பரங்களைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தோம். ஒரு மருந்தின் விளம்பரமும் அதே பூச்சியைப் பற்றிய கட்டுரையும் ஒரே இதழில் வரக் கூடாது. ஆண்டுக்கு எண்பதாயிரம் ரூபாய் தந்துகொண்டிருந்த ஒரு விளம்பரதாரர் இதனால் விலகினார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வாசகரே முதலாளி என்று முடிவு செய்த பிறகு அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது.

எல்லாவற்றையும்விட என் தூக்கத்தைக் கெடுத்தது ஆயுள் சந்தா. 1996 முதல் 2001 வரை, 500 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுவதும் இதழ் என்று 640 பேரிடம் பணம் வாங்கியிருந்தோம். சேர்ந்த 3,20,000 ரூபாயும் ஒரு பழைய ஆஃப்செட் எந்திரத்துக்கு முன்பணமாகப் போயிற்று. அந்த எந்திரம் பிறகு இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. கணக்கு படித்த எவரும் முன்கூட்டி வாங்கிய சந்தாவை வருமானம் என்று எழுத மாட்டார், அது கடன். இதழாகத் திருப்பித் தர வேண்டிய கடன். ஓராண்டுச் சந்தாவாக இருந்தால் அந்தக் கடன் 12 மாதத்தில் தீரும். ஆயுள் சந்தாவில் கடனின் அளவு எவருக்கும் தெரியாது. காகிதமும் தபாலும் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 90 ரூபாய் ஆகிறது என்றால், அவர் தந்த 500 ரூபாய் ஆறு ஆண்டுகள்கூட நிற்காது. 640 பேருக்கு நாங்கள் இருபது ஆண்டுகளாக அனுப்பிக்கொண்டிருந்தோம். சிறு பத்திரிகைகளும் வட்டார இதழ்களும் பணமுடை வரும்போதெல்லாம் ஆயுள் சந்தாத் திட்டத்தை அறிவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

ஒரு சுற்றறிக்கை போட்டு ஆயுள் சந்தாவை ரத்து செய்துவிடலாம் என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். அப்பா அதற்கு இணங்கவில்லை, நானும் இணங்கவில்லை. இந்த மண்ணில் வாக்குக் கொடுத்து வாங்கிய பணம் அது. பதிவேட்டில் இருக்கும் பெயர்களே எங்கள் மூலதனம் என்று சொல்லிவிட்டு, அதே பெயர்களிடம் வாக்குத் தவறினால் அந்த மூலதனத்துக்கு மதிப்பு இருக்காது. 640 பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினோம். அச்சிட்ட கடிதம்தான், ஆனால் பெயரும் ஊரும் கையால் எழுதியது. நிலைமையை மறைக்காமல் சொன்னோம். உங்களுக்கு இதழ் எப்போதும் போல வரும்; முடியுமானால் ஆண்டுக்குப் பாதிச் சந்தா கொடுத்து உதவலாம்; வேண்டாம் என்றால் விடுவித்துவிடலாம்; எதைச் சொன்னாலும் எங்களுக்கு மரியாதைதான் என்று எழுதினோம். பதில் அட்டையில் எங்கள் முகவரியை எழுதி, தபால்தலையும் ஒட்டி உள்ளே வைத்தோம். 118 கடிதங்கள், முகவரியில் இல்லை என்றும் காலமானார் என்றும் குறிப்போடு திரும்பின. இறந்துபோனவர்களின் வாசலில் எத்தனை ஆண்டுகள் எங்கள் இதழ் விழுந்துகொண்டிருந்ததோ தெரியவில்லை. 60 பேர் விடுவித்தார்கள். 203 பேர் பாதிச் சந்தா தருவதாக எழுதினார்கள்; அவர்களில் பலர் முழுச் சந்தாவையே அனுப்பினார்கள். மற்ற 259 பேருக்கு இன்றும் அனுப்புகிறோம்.

இதன் பிறகே, 2019 ஜனவரி இதழோடு கடை விற்பனையை நிறுத்தினோம். அதற்கு முந்தைய மூன்று இதழ்களில், கடையில் வாங்குபவர் தன் பெயரையும் எண்ணையும் எழுதி அனுப்பும்படி ஓர் அட்டையை உள்ளே வைத்திருந்தோம். அதிலிருந்து 140 பேர் சந்தாதாரர் ஆனார்கள். 26 ஆண்டுகளாக எங்கள் இதழை விற்ற அரூர் ஏஜென்ட் ஒருவர் நேரில் வந்து, "என்னம்மா, கடையில தொங்கலைன்னா பத்திரிகை செத்துப்போச்சுன்னுதான் சனங்க நெனப்பாங்க" என்று மனம் வருந்திச் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கடையில் தொங்கும் இதழ்தான் புதியவர் கண்ணில் படும். அந்த வழியை நாங்களே அடைத்தோம். அவரைச் சந்தா சேர்ப்பவராக மாறும்படி கேட்டேன். ஒரு சந்தாவுக்கு அவருக்குக் கிடைத்த தொகை, பழைய கமிஷனில் பத்துப் பதினைந்து பிரதிகள் விற்றால் கிடைப்பதற்குச் சமம். ஏற்றுக்கொண்டார். மற்ற ஏஜென்ட்டுகளில் மூன்று பேர் மட்டுமே அப்படி மாறினார்கள். நேஷனல் ஜியாகிரபிக் போன்ற உலகப் பெரும் இதழே 2023இல், அமெரிக்கக் கடைகளில் விற்பதை நிறுத்திக்கொண்டு சந்தாதாரர்களுக்கு அச்சுப் பிரதியைத் தொடர்வதாக அறிவித்தபோது, அரூர்க்காரரிடம் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "அவங்களுக்குமா?" என்றார்.

2020 ஜனவரியில் நாங்கள் அச்சடித்தது 1,450 பிரதிகள். நல்ல தாளுக்கு மாறியதால் பிரதிக்கு 9 ரூபாய். மாறாத செலவையும் சேர்த்தால் இதழுக்கு 51,000 ரூபாய். சந்தாவிலிருந்து மாதத்துக்கு 31,000, விளம்பரத்தில் 9,000. பற்றாக்குறை 11,000 ரூபாய். இந்த எண்களை வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம், சந்தாவுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான். சந்தா எங்களை மூழ்காமல் நிறுத்தியது, கரையேற்றவில்லை. மீதியை முப்பது ஆண்டுப் பழைய இதழ்கள் தந்தன. மா பற்றிய கட்டுரைகளை மட்டும் மாத வரிசைப்படி தொகுத்து, பையூரில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரைக் கொண்டு பழைய மருந்துப் பரிந்துரைகளை எல்லாம் நீக்கித் திருத்தி, ஒரு புத்தகமாக்கினோம். கிருஷ்ணகிரியில் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியில் கடை போட்டு விற்க வேண்டும் என்பது திட்டம்.

அந்தக் கோடையில் கண்காட்சிக்கு வழியில்லை. 2020 மார்ச் 24 நள்ளிரவு முதல் ஊரடங்கு. ஏப்ரல் இதழ் அச்சகத்திலேயே கிடந்தது. 1941இல் தொடங்கிய கல்கி வார இதழ் அந்த ஆண்டுதான் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. அந்தச் செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. நாங்கள் பதற்றத்தில் மூன்று இதழ்களைப் பிடிஎப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் இலவசமாக அனுப்பினோம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் தொழில் முறையில் நான் செய்த தவறுகளில் பெரியது அது. எங்கள் இதழ் தெரியாத ஊர்களுக்கெல்லாம் அது பரவியது, பாராட்டுகள் வந்தன, சந்தா ஒன்றுகூட வரவில்லை. அக்டோபரில் புதுப்பிக்க அழைத்தபோது, "போன்லயே வருதே மேடம்" என்று ஓசூர்ப் பிள்ளைகள் சொன்னார்கள். அப்பாவுக்குப் போனில் படிக்க முடிகிறதா என்று கேட்டால், எதிர்முனையில் பதில் இருக்காது. இதழ் நின்று மூன்று மாதம் கழித்து, அந்தப் பெரியவர்களே பிள்ளைகளைக் கேட்ட பிறகுதான் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். இப்போது பிடிஎப் யாருக்கும் கிடையாது.

ஊரடங்குக்குப் பிறகு ஒரு புதிய ஒழுங்கைக் கொண்டுவந்தேன். சந்தாவாக வரும் பணம் முழுவதும் தனி வங்கிக் கணக்குக்குப் போகும். இதழ் தபாலில் சேர்ந்த மறுநாள், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் நடப்புக் கணக்குக்கு வரும். சம்பளம் போட வழியில்லாத மாதத்திலும் அந்தக் கணக்கைத் தொடுவதில்லை. நாளைக்கே இதழை நிறுத்த நேர்ந்தாலும், எந்த வாசகரின் மீதிப் பணத்தையும் திருப்பித் தர முடியும் என்ற நிலை வந்த பிறகுதான் எனக்கு இந்த வேலையில் நிம்மதி வந்தது. 1913இல் ஞானபாநு என்ற மாத இதழைத் தொடங்கி, எழுத்துக்காகவும் பேச்சுக்காகவும் துன்பங்களை ஏற்ற சுப்பிரமணிய சிவா தன் கடைசி நாட்களைக் கழித்த பாப்பாரப்பட்டி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம், பத்திரிகை நடத்தி நொடித்துப் போனவர்களின் வரலாறு தமிழில் எவ்வளவு நீளம் என்று நினைத்துக்கொள்வேன். தியாகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பைண்டருக்கு ஐந்தாம் தேதி சம்பளம் போவதற்கும் அதே மதிப்பு உண்டு என்று கருதுகிறேன்.

2021, 2022இல் காகித விலை ஏறியபோது சந்தாவை 500 ஆக்கினோம். மாம்பழப் புத்தகம் மூன்றாம் பதிப்புக்கு வந்திருக்கிறது. இரண்டு மாவட்டங்களிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் அதை வாங்குபவர்களிடம் பெயரும் ஊரும் கேட்டு, பேரேட்டில் ஏற்றுகிறோம். ஒவ்வொரு டிசம்பரிலும் பயிர் வேலைகளைத் தேதிவாரியாகக் குறித்த ஒரு சுவர்க் காலண்டர் அச்சிடுகிறோம். அதை ஓசூரிலும் பெங்களூரிலும் உள்ளவர்கள் ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கூடுதலாக வாங்குகிறார்கள்.

பென்னாகரத்துப் பெரியவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய சந்தா இந்த ஜனவரியோடு முடிகிறது. டிசம்பரில் வழக்கம்போல நினைவூட்டல் அட்டை அனுப்ப வேண்டிய பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, அனுப்புவதா என்று தயங்கி, மகனுக்கு நானே பேசினேன். தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார். குத்தகைக்காரரின் பெயரையும் ஊரையும் சொல்லி, இனி அவருக்கு அனுப்பும்படி கேட்டார். மரத்தை அவர் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்றார். பதிவேட்டில் பெறுபவர் பத்தியில் பெயரை அடித்துத் திருத்தினேன். செலுத்துபவர் பத்தி அப்படியே இருக்கிறது.